பத்திரத்தில் 36, பையில் 24

பி.காம் மூன்றாம் வருடம் படிப்பவனுக்கு லண்டனில் வீடு வாங்குவதைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அதற்குக் கட்டும் டெபாசிட்டைப் பற்றி இப்போது கொஞ்சம் தெரியும். காரணம் எங்கள் பெரியப்பா. குடும்பத்தில் ஒருத்தன் பி.காம் படிக்கிறான் என்றால் அவன்தான் எல்லோருக்கும் சம்பளமில்லாத ஆடிட்டர். பான் கார்டில் பெயர் தப்பா, கூப்பிடு அவனை. லண்டன் வக்கீல் பேப்பர் கேட்கிறாரா, கூப்பிடு அவனை.

முதலில் டெபாசிட் என்ற வார்த்தை. நம்மூரில் டெபாசிட் என்றால் ஒன்று வங்கியில் போடுவது, இன்னொன்று தேர்தலில் இழப்பது. இங்கிலாந்தில் வீடு வாங்கும்போது டெபாசிட் என்பது வீட்டு விலையில் வாங்குபவர் தன் கையிலிருந்து போடும் பங்கு. மீதியைத்தான் கடன் கொடுப்பவர் கொடுப்பார். நம்ம வங்கிகள் இதையே மார்ஜின் மணி என்கின்றன. 30 லட்சம் வரையான வீட்டுக்கடன் என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம், 75 லட்சத்தைத் தாண்டினால் 75 சதவீதம்தான் என்று ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. ஆக, கையிலிருந்து போடுவது ரெண்டு ஊரிலும் உண்டு.

வித்தியாசம் எங்கே வருகிறதென்றால், நம்மூரில் அந்தப் பங்கைக் கட்டிவிட்டதற்கு ரசீது காட்டினால் பெரும்பாலும் விஷயம் முடிந்தது. அங்கே ரசீது காட்டிய பிறகுதான் விஷயமே ஆரம்பிக்கிறது. இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? அது அதற்கு முன் எங்கிருந்தது? அதற்கும் முன்?

பெரியப்பாவின் மகள், எனக்கு அக்கா, குரோய்டனில் இருக்கிறார். நர்ஸ். மாமா ஐ.டி. ரெண்டு பேர் சம்பளத்தையும் சேர்த்து 4 லட்சம் பவுண்டில் ஒரு வீடு பார்த்தார்கள். 10 சதவீதம் டெபாசிட், அதாவது 40,000 பவுண்டு. அவர்கள் சேமிப்பு முத்திரைத் தீர்வைக்கும் வக்கீல் கட்டணத்துக்கும் சரியாகப் போய்விடும். அந்த 40,000 பவுண்டைப் பெரியப்பா தருவதாக ஏற்பாடு. கணக்குச் சுலபமாக இருக்க ஒரு பவுண்டு 120 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 48 லட்சம் ரூபாய்.

பெரியப்பாவிடம் 48 லட்சம் இருந்தது. மதுராந்தகம் பக்கம் தாத்தா விட்டுப்போன மனையை 2023 கடைசியில் 60 லட்சத்துக்கு விற்றிருந்தார். பத்திரத்தில் எழுதியது 36 லட்சம். மீதி 24 லட்சம் துணிப்பையில் வந்தது.

இதைப் படிக்கும் யாரும் இந்த இடத்தில் அதிர்ச்சி அடைந்திருக்க மாட்டீர்கள் என்று தெரியும். உங்கள் வீட்டிலும் ஒரு துணிப்பை இருந்திருக்கும். :-)

ஏன் அப்படி எழுதுகிறார்கள் என்பதை எங்கள் வரிப் பாடப் புத்தகத்தில் இருக்கும் எந்தக் கணக்கையும் விட இது தெளிவாகக் காட்டும். 2023 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம். (அதற்கு முன் பதிவுக் கட்டணமே 4 சதவீதம், ஆக மொத்தம் 11.) 24 லட்சத்தை மறைத்தால் வாங்குபவருக்கு 2,16,000 ரூபாய் மிச்சம். விற்பவருக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி அப்போது 20 சதவீதம். 24 லட்சத்துக்கு 4,80,000. இதோடு, 50 லட்சமும் அதற்கு மேலும் போகும் விலைக்கு வாங்குபவர் 1 சதவீதம் டி.டி.எஸ் பிடித்துக் கட்ட வேண்டும். 36 என்று எழுதினால் அந்தத் தலைவலியும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்குபவரிடம் ஏற்கெனவே இருக்கும் கணக்கில் வராத பணத்துக்கு ஒரு போக்கிடம் வேண்டும். அரசாங்க வழிகாட்டி மதிப்பு எப்போதும் சந்தை விலைக்குப் பின்னால்தான் நொண்டிக்கொண்டு வரும் என்பதால், அதற்கு ஒரு ரூபாய் மேலே எழுதினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

நிலம் வாங்க விற்க 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2015 ஜூன் 1 முதல் சட்டமே இருக்கிறது. மீறினால் வாங்கிய தொகை முழுவதும் அபராதம். சட்டம் அது பாட்டுக்கு இருக்கிறது, துணிப்பை அது பாட்டுக்கு இருக்கிறது. 2016ல் 500, 1000 ரூபாய் நோட்டைச் செல்லாது என்று அறிவித்தபோது பழைய நோட்டில் 99.3 சதவீதம் வங்கிக்கே திரும்பி வந்துவிட்டதாக ரிசர்வ் வங்கி சொன்னது. துணிப்பைகள் புது நோட்டோடு மறுபடி கிளம்பிவிட்டன.

பெரியப்பா அந்த 36 லட்சத்துக்கு வரியை ஒழுங்காகக் கட்டினார். அதை ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டார். பையில் வந்த 24ல் பாதி வீட்டு மேல்தளத்துக்கும் ஒரு கல்யாணத்துக்கும் போனது. மீதி 12 லட்சத்தை அக்காவுக்காக எடுத்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வங்கியில் கட்டினார். ஒரே நாளில் 50,000க்கு மேல் ரொக்கமாகக் கட்டினால் பான் எண் கேட்பார்கள் என்பது அப்போதைய விதி. அதனால் ஒவ்வொரு தடவையும் 49,000. யாரோ ஒரு நண்பர் சொல்லிக்கொடுத்தாராம்.

அந்தப் பாஸ்புத்தகத்தை நான் பார்த்தேன். 49,000. 49,000. 49,000. வரிசையாக 24 தடவை, கடைசியில் ஒரு 24,000. ஒளிப்பதற்காகச் செய்த காரியம் பக்கம் பூராவும் பளிச்சென்று தெரிந்தது. இதில் வேடிக்கை, சேமிப்புக் கணக்கில் ஒரு நிதியாண்டில் 10 லட்சம், அதற்கு மேல் ரொக்கம் கட்டினால் வங்கி தானாகவே வருமான வரித் துறைக்குத் தகவல் அனுப்பிவிடும். 49,000 ஆக உடைத்ததால் தப்பித்தது எதுவும் இல்லை.

சரி, இப்போது லண்டனுக்குப் போவோம்.

கேள்வி கேட்பவர்கள் அங்கே ரெண்டு பேர். கடன் கொடுப்பவர் ஒருவர், வீட்டுப் பத்திர வேலையைப் பார்க்கும் சொலிசிட்டர் இன்னொருவர். ரெண்டு பேரும் ஒரே கேள்வியைக் கேட்பது போலத் தெரியும், ஆனால் காரணம் வேறு வேறு. இது புரியாமல்தான் எங்கள் வீட்டில் பாதிச் சண்டை நடந்தது.

கடன் கொடுப்பவருக்கு முதல் கவலை தன் காசு. 40,000 பவுண்டு அப்பா கொடுத்தார் என்றால், அதை அக்கா திருப்பித் தர வேண்டுமா? திருப்பித் தர வேண்டும் என்றால் அது இன்னொரு கடன். மாதத் தவணை கட்டும் சக்தி அந்த அளவுக்குக் குறையும். ரெண்டாவது, பணம் கொடுத்தவர் நாளைக்கு வந்து "இந்த வீட்டில் எனக்கும் பங்கு உண்டு" என்பாரா? மூன்றாவது, கொடுத்தவர் திவாலானால்? அந்த நாட்டின் 1986ஆம் வருடத் திவால் சட்டப்படி, ஒருவர் திவாலாவதற்கு முந்தைய 5 வருடத்தில் சும்மா தூக்கிக் கொடுத்ததைக் கடன்காரர்களுக்காகத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. இதற்கெல்லாம் சேர்த்துத்தான் அன்பளிப்புக் கடிதம் ஒன்று கேட்கிறார்கள். கொடுப்பவர் யார், என்ன உறவு, எவ்வளவு, இது நிபந்தனை இல்லாத அன்பளிப்பு, திருப்பித் தர வேண்டியதில்லை, வீட்டில் எனக்கு எந்த உரிமையும் இல்லை என்று கையெழுத்து.

பெரியப்பாவுக்கு முதல் கோபம் இங்கேதான் வந்தது. "என் பொண்ணுக்கு நான் குடுக்கறதுக்கு எவனுக்குடா நான் எழுதிக் குடுக்கணும்?"

அவர் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. நம் வீடுகளில் அப்பா மகளுக்குக் கொடுக்கும் பணம் கடனும் இல்லை, அந்தக் கடிதம் சொல்லும் அர்த்தத்தில் அன்பளிப்பும் இல்லை. "தம்பி படிப்ப நீ பாத்துக்கம்மா", "எங்களுக்கு வயசானா நீதான்" என்று சொல்லாமலே அதில் ஆயிரம் சேர்ந்திருக்கும். அதை எழுத அந்தக் கடிதத்தில் கட்டம் கிடையாது. ஆனாலும் அவர்கள் கேட்பது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. எழுதிக் கேட்கும்போதுதான் பெரியப்பாவே யோசித்தார்: நாளைக்கு மகளும் மருமகனும் பிரிந்தால் இந்தப் பணம் யாருக்கு? கடிதப்படி அவருக்கு அதில் ஒரு பைசா உரிமை கிடையாது. வீட்டில் யாருக்கு எத்தனை பங்கு என்று அக்காவும் மாமாவும் தனியாக எழுதி வைத்துக்கொள்ள அங்கே வழி இருக்கிறது. அதைச் சொலிசிட்டரிடம் முதலிலேயே கேட்க வேண்டும். வாழ்நாள் சேமிப்பைக் கொடுப்பவர் இதைத் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டாமா? நம்மூரில் இந்தப் பேச்சை எடுத்தாலே அபசகுனம் என்பார்கள்.

சொலிசிட்டரின் கவலை வேறு. 2002ல் வந்த குற்ற வருமானச் சட்டம், 2017ல் வந்த பணமோசடித் தடுப்பு விதிகள் என்று ரெண்டு அவர் தலைக்கு மேல் தொங்குகின்றன. பணம் சுத்தமானது என்று அவர் திருப்தி அடைய வேண்டும். சந்தேகம் வந்தால் தேசியக் குற்றவியல் முகமைக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். சந்தேகம் வந்தும் அனுப்பாமல் விட்டால் அவருக்கே 5 வருடம் வரை சிறை. அனுப்பிவிட்டு "அனுப்பியிருக்கிறேன்" என்று வாடிக்கையாளரிடம் சொல்வதும் தனிக் குற்றம். வேலையைத் தொடர அனுமதி கேட்டு அனுப்பியிருந்தால் பதிலுக்கு 7 வேலை நாள் காத்திருக்க வேண்டும். மறுத்துவிட்டால் இன்னும் 31 நாள், நீதிமன்றம் நீட்டிக்கவும் செய்யலாம். இத்தனை நாளும் அவர் வாயைத் திறக்கக் கூடாது. வாடிக்கையாளருக்குத் தெரிவதெல்லாம் "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்ற ஒற்றை வரி பதில்தான்.

எங்களுக்கு வந்த கேள்வி ஒரு பக்கத்துக்கும் குறைவு. விற்ற மனையின் கிரயப் பத்திரம் வேண்டும். 36 லட்சம் வந்தது தெரிகிறது, நன்றி. கீழ்க்கண்ட 25 ரொக்க வரவுகளுக்கு விளக்கம் வேண்டும்.

அன்று இரவு எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது ஒரு சட்டசபை. "மொய்ப் பணம்னு போட்டுடு" என்றார் சித்தப்பா. கல்யாணம் நடந்ததென்னவோ உண்மைதான், ஆனால் வந்த மொய் 12 லட்சம் இல்லை. மொய் நோட்டு இருக்கிறது, அதில் கூட்டலும் இருக்கிறது. "விவசாய வருமானம்" என்றார் இன்னொருவர். இது நம் நாட்டின் தேசிய விளக்கம்; விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது என்பதால் எந்த ஊர் தெரியாத பணத்துக்கும் அதுதான் சொந்த ஊர். கடைசியாக விளைந்தது எப்போது என்று கேட்டால் என்ன சொல்வது என்றேன். பதில் இல்லை. "பேசாம நாலு பேர் கணக்குல பிரிச்சு அனுப்பிடலாம், டி.சி.எஸ்ஸும் மிச்சம்" என்றார் மூன்றாமவர்.

இந்த மூன்றாவது யோசனை கொஞ்சம் விளக்கம் கேட்கும். இந்தியாவில் வசிப்பவர் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். எங்கள் தொகைக்கு அது தாராளம். ஆனால் 2025 ஏப்ரலிலிருந்து அன்பளிப்பாக அனுப்புவது வருடம் 10 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 20 சதவீதம் வங்கி முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும். வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்ப வாங்கலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். அதனால் ஆளுக்கு 10 லட்சமாகச் சித்தப்பா, மாமா, அத்தை கணக்கில் பிரித்து அனுப்பும் பழக்கம் உண்டு. லண்டன் மேஜையில் அது எப்படித் தெரியும்? ஒருவர் கொடுத்த அன்பளிப்பு ஐந்து பேர் கொடுத்ததாக ஆகிறது. ஐந்து கடிதம், ஐந்து அடையாள அட்டை, ஐந்து வங்கி அறிக்கை, ஒவ்வொன்றிலும் "இவருக்கு இந்தப் பணம் எங்கிருந்து வந்தது" என்ற கேள்வி. ஐந்திலும் பதில் ஒன்றே: பெரியப்பாவிடமிருந்து. ஒரு முடிச்சை அவிழ்க்க ஐந்து முடிச்சு போட்ட கதை. ஹவாலாவில் அனுப்பலாம் என்றும் ஒரு குரல் வந்தது. முன்பின் தெரியாத ஒருவர் கணக்கிலிருந்து அக்கா கணக்குக்குப் பணம் வந்தால் அதற்கு எந்தக் கடிதம் எழுதுவது?

பொய்யான விளக்கம் எழுதி அக்கா கையெழுத்துப் போட்டால் அது அங்கே 2006ஆம் வருட மோசடிச் சட்டத்தின் கீழ் வரும். அதிகபட்சம் 10 வருடம். நர்ஸ் வேலையும் விசாவும் போவது தனி. சித்தப்பாவுக்கு மொய் என்பது ஒரு வார்த்தை, சொன்னவர் காஞ்சிபுரத்தில் நிம்மதியாகத் தூங்குவார். மாட்டுபவள் குரோய்டனில் இருப்பவள். இதைத்தான் அன்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

கடைசியில் பெரியப்பாதான் முடிவெடுத்தார். 12 லட்சத்தைத் தொடுவதில்லை. அது மனை விற்றதில் பத்திரத்தில் வராத பணம், இந்த அன்பளிப்பில் சேராது என்று உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டு, 36 லட்சம் மட்டும் அனுப்பினார். டி.சி.எஸ் மட்டும் 5,20,000. ஃபிக்சட் டெபாசிட்டின் ரெண்டு வருட வட்டி ஏறக்குறைய அதற்கே சரியாகிவிட்டது. வங்கியில் ஏ2 படிவத்தில் காரணம் அன்பளிப்பு என்றே போட்டோம். குடும்பப் பராமரிப்பு என்று போடச் சொன்னவர்கள் உண்டு. அங்கே பராமரிப்பு, கடிதத்தில் அன்பளிப்பு என்றால் அதற்கு ஒரு கேள்வி வரும்.

36 லட்சம் என்றால் 30,000 பவுண்டு. வீட்டு விலையில் ஏழரை சதவீதம். கடன் வட்டியை அங்கே படிக்கட்டு போல வைத்திருக்கிறார்கள். 10 சதவீதம் போட்டால் ஒரு வட்டி; அதற்குக் கீழே எவ்வளவு போட்டாலும் 5 சதவீதம் போட்டவருக்கான வட்டிதான். ஆக ஏழரை போட்டும் ஐந்து போட்டவர் கட்டும் வட்டியை அக்கா கட்டுகிறார். அதற்குள் சொலிசிட்டரிடமிருந்து மூன்று வாரம் ஒரு வார்த்தை வரவில்லை. இங்கிலாந்தில் ஒப்பந்தங்கள் கைமாறும் வரை வீட்டை விற்பவர் எந்த நிமிடமும் விலகிக்கொள்ளலாம். எங்களுக்கு விற்பவர் ரெண்டு தடவை மிரட்டினார். அந்த மூன்று வாரம் எதனால் என்று அக்காவுக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். பெரியப்பா எந்தத் தப்பான தொழிலும் செய்து அந்த 60 லட்சத்தைச் சம்பாதிக்கவில்லை. தாத்தா வெயிலில் நின்று வாங்கிய மனை. அதில் 36 லட்சம் லண்டன் வரை போய் வீடாகிறது. அதே மனைக்கு, அதே நாளில், அதே ஆளிடமிருந்து வந்த 12 லட்சம் பல்லாவரம் தாண்டி ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை. வரியில் மிச்சம் பிடித்தது 4,80,000. அதனால் முடங்கியது 10,000 பவுண்டு, கூடவே கூடுதல் வட்டி, கூடவே வருமான வரித் துறை எப்போது நோட்டீஸ் அனுப்பும் என்ற பயம். எங்கள் வகுப்பில் பணத்துக்கு இலக்கணம் சொல்லும்போது ஒரு ரூபாய் இன்னொரு ரூபாய்க்குச் சமம் என்று சொல்லித்தருகிறார்கள். இல்லை சார். பேப்பர் இருக்கும் ரூபாய் வேறு, இல்லாத ரூபாய் வேறு. உள்ளூரில் ரெண்டும் ஒரே விலைக்கு ஓடுவதால் நமக்குத் தெரிவதில்லை.

வகுப்பில் இதைப் பேசியபோது ஒரு நண்பன் கேட்டான், "வெள்ளைக்காரன் நம்மாளுங்களை மட்டும்தான இப்படிக் கொடையறான்?" அப்படி இல்லை. அந்த ஊர்க்காரர் தன் அம்மாவிடம் வாங்கினாலும் அதே கடிதம்தான். மற்றபடி அவன் கேள்வியில் வேறொரு விஷயம் இருக்கிறது. லண்டன் வீடுகளில் திருட்டுப் பணம் கொட்டுகிறது என்று உலகம் முழுக்கச் சொன்ன காலத்தில், கரீபியன் தீவில் பதிவான கம்பெனி ஒன்றின் பெயரில் வீடு வாங்கினால் உண்மையான முதலாளி யார் என்று பொதுப் பதிவேட்டில் சொல்ல வேண்டியதே இல்லை. அதற்கான சட்டம் 2022ல், ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த பிறகுதான் அவசர அவசரமாக வந்தது. "இந்தச் சொத்துக்குப் பணம் எப்படி வந்தது என்று விளக்கு" என்று கேட்கும் நீதிமன்ற உத்தரவு முதன்முதலாக 2018ல்தான் போடப்பட்டது. அது அசர்பைஜானில் சிறையில் இருந்த வங்கித் தலைவர் ஒருவரின் மனைவி மேல். ஹாரட்ஸ் கடையில் மட்டும் பத்து வருடத்தில் 1 கோடியே 60 லட்சம் பவுண்டு செலவழித்தவர் அந்த அம்மா. அதுவரை அந்த வீட்டில் யாரும் 25 வரி ரொக்க வரவுக்கு விளக்கம் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆகவே அவர்கள் யோக்கியர்கள், நாம் அயோக்கியர்கள் என்று நான் எழுதவில்லை. அங்கேயும் கேள்வி முதலில் வருவது நர்ஸுக்குத்தான். ஆனால் கேள்வி தப்பில்லை. அது நம்மைச் சுடுவதற்குக் காரணம், சார்பதிவாளர் முன்னால் கூசாமல் சொன்ன ஒரு விலையை 8,000 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் ஒருவர் அப்படியே நம்பிவிட்டார் என்பதுதான். "36தானே எழுதியிருக்கிறீர்கள்?" என்கிறார். நாம் எழுதியதைத்தான் நம்மிடம் படித்துக் காட்டுகிறார்.

"எல்லாரும் ரெண்டு விலை வைக்கும்போது நான் மட்டும் என்ன செய்ய" என்பார்கள். அதுவும் பொய்யில்லை. எங்கள் தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு மனை இப்போது விலைக்கு வந்திருக்கிறது. விற்பவரின் மகன் மான்செஸ்டரில் இருக்கிறான், அவனும் வீடு பார்க்கிறான். பெரியப்பா கதை அவர் காதுக்கும் போயிருக்கிறது. முழு விலையும் பத்திரத்தில், முழுப் பணமும் வங்கி வழியாக என்று சொல்லித்தான் புரோக்கரிடம் கொடுத்திருக்கிறார். விலையில் 2 லட்சம் குறைத்துக்கொள்ளவும் தயார் என்கிறார். நான்கு மாதத்தில் ஏழு பேர் வந்து பார்த்தார்கள். மனை எல்லோருக்கும் பிடித்திருந்தது. "வெள்ளையிலயே முழுசும்னா கஷ்டம் சார்" என்று சொல்லிவிட்டு ஏழு பேரும் போய்விட்டார்கள். போர்டு இன்னும் தொங்குகிறது.